பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் ஊர்ப் புடவைக்கடைகள் பலவற்றில் பொம்மைகளுக்குத் தலை இல்லை. கல்முனை பஸாரிலும் சரி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று பிரதான வீதியோரம் நீளும் கடைகளிலும் சரி, அபாயா உடுத்தி வாசலில் நிற்கும் பொம்மை பெரும்பாலும் கழுத்தோடு முடிந்துவிடும். முகநூலில் அபாயா விற்கும் பக்கங்களைப் பார்த்தாலும் அப்படித்தான். உடுத்தி நிற்கும் பெண்ணின் முகத்தை ஒரு ரோசாப்பூவோ வண்ணத்துப்பூச்சியோ மூடியிருக்கும். இல்லையென்றால் படம் நாடியோடு வெட்டப்பட்டிருக்கும்.

இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உருவங்களைப் பற்றிய மார்க்கப் பேணுதல் அது. அந்நியப் பெண்ணின் முகத்தை வியாபாரத்துக்குக் காட்டக்கூடாது என்ற வெட்கமும் அதில் உண்டு. ஆனால், தலையைப் பற்றி இவ்வளவு கவனமாக யோசித்த நாங்கள், தலைக்குக் கீழே இருப்பதைப் பற்றி எப்போதாவது யோசித்தோமா? முகம் மறைந்த பிறகு அந்தப் படத்தில் பார்ப்பதற்கு மிஞ்சியிருப்பது உடல் மட்டும்தான். அந்த உடல் எப்போதும் ஒரே மாதிரி. நெடிய, ஒடுங்கிய, இடுப்பே இல்லாத உடல். முகம் இருந்தாலாவது "இவ வேறொருத்தி" என்று தெரியும். முகம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பெண்ணும் தன் முகத்தைத்தான் வைத்துப் பார்க்கிறாள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

என் உம்மம்மாவின் காலத்தில் எங்கள் பக்கத்தில் மெலிவு என்பது அழகுக்கான சொல் அல்ல. யாராவது மெலிந்து வந்தால், "என்ன புள்ள, இப்பிடி வத்திப் போனாய்? சுகமில்லியா?" என்று கேட்பார்கள். மெலிந்தால் நோய், இல்லையென்றால் வீட்டில் கஷ்டம். பிள்ளை பெற்ற பெண்ணை நாற்பது நாள் கவனித்து அனுப்பும்போது அவள் உடம்பு பிடித்திருந்தால், கவனித்த தாய்க்கு அது பெருமை. "மாஷா அல்லாஹ், நல்லா உடம்பு வெச்சிருக்கா" என்பது வாழ்த்து. இன்று அதே வாக்கியத்தைக் கல்யாண வீட்டில் ஒரு குமர்ப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அவள் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். "மெலிஞ்சி போனாய்" என்பதுதான் இப்போது வாழ்த்து.

ஒரு தலைமுறைக்குள் ஒரு வாக்கியம் எப்படித் தலைகீழாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பிஜித் தீவைப் பற்றிய ஓர் ஆய்வை வாசித்தேன். பிஜியும் எங்களைப் போலக் கடலோர மக்கள் வாழும் நாடு. அங்கேயும் நல்ல உடம்பு என்றால் நன்றாகப் பராமரிக்கப்பட்ட உடம்பு என்றுதான் அர்த்தம். நத்ரோகா என்ற பகுதிக்கு 1995ஆம் ஆண்டு தொலைக்காட்சி வந்தது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களில் அங்குள்ள பாடசாலை மாணவிகளிடம் கேள்விகள் கேட்டார். மூன்று வருடம் கழித்து, 1998இல், அதே வயது மாணவிகளிடம் மீண்டும் கேட்டார். முதல் தடவை, மெலிவதற்காகச் சாப்பிட்டதை வலிந்து வாந்தியெடுக்கும் பிள்ளை ஒன்றுகூட இருக்கவில்லை. மூன்று வருடத்தின் பின் நூற்றுக்குப் பதினொரு பேர் அதைச் செய்தார்கள். "நான் பருமன்" என்று சிலவேளைகளிலாவது நினைப்பதாக நூற்றுக்கு 74 பேர் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்பு மூன்று வருடத்தில் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. மாறியது அவர்கள் பார்த்த படம்.

அந்த ஊருக்கு வந்தது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. எங்களிடம் அந்தப் பெட்டி தலையணைக்குக் கீழே இருக்கிறது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் ராத்தாவோடு அபாயா எடுக்கப் போனேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை. எல்லாக் கடையிலும் நடப்பதுதான். அபாயாவுக்கு 52, 54, 56 என்று இலக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அது அங்குலத்தில் நீளம். ராத்தாவுக்கு 54. அவ விரும்பிய கத்தரிப்பூ நிறத்தில் 54 ஒன்றுதான் மிச்சம், அதுவும் வாசலில் பொம்மை உடுத்தியிருந்தது. கடைப் பிள்ளை போய்ப் பொம்மையைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் வைத்துத் திருப்பினா.

பொம்மையின் முதுகில், தோளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை, கடதாசிக் கட்டுகளுக்குப் போடும் கறுப்புக் கிளிப்புகள் ஆறு வரிசையாகக் கடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே குண்டூசிகள். இரண்டு பக்கமும் நான்கு விரற்கடைத் துணி மடிக்கப்பட்டுப் பின்னால் செருகப்பட்டிருந்தது. கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, அந்த ஒடுங்கிய அழகான அபாயா எங்கள் கண்முன்னே அகன்று, சாதாரண அபாயாவாகிவிட்டது.

ராத்தா போட்டுப் பார்த்தா. தோள் சரி, கை சரி, நீளம் சரி. உடம்பைப் பிடிக்காமல் தளர்வாக, ஓர் அபாயா எப்படி விழ வேண்டுமோ அப்படி விழுந்தது. கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொம்மைக்கு வடிவா இருந்திச்சி. எனக்குச் சரிவருதில்ல, நான் தடிச்சிட்டன்" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. உடுப்பு ராத்தாவுக்குச் சிறிதாக இருக்கவில்லையே. பொம்மைக்கல்லவா அது அளவில்லாமல் இருந்தது! அளவில்லாத உடுப்பைக் கிளிப் போட்டு இறுக்கிக் காட்டியது கடை. குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டது ராத்தா.

பொம்மையைப் பற்றி விஞ்ஞானிகளும் யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஆய்வாளர்கள் இருவர், 1920களிலிருந்து செய்யப்பட்ட கடைப் பொம்மைகளை அளவு நாடாவால் அளந்து, 1992இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய பொம்மைகள் சாதாரணப் பெண்களின் உடலளவில் இருந்தன. 1950களுக்குப் பிறகு வந்தவற்றின் இடுப்பும் தொடையும் கையும் ஒடுங்கிக்கொண்டே போயின. இந்த அளவில் உண்மையான பெண் ஒருத்தி இருந்தால் அவளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவது சந்தேகம் என்பது அவர்களுடைய முடிவு. உடலில் தேவையான கொழுப்பு இல்லாவிட்டால் அது நின்றுவிடும் என்பதை உயிரியல் படிக்கும் தோழிகள் அறிவார்கள். 2017இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு நகரங்களின் கடைப் பொம்மைகளைப் பார்த்து மதிப்பிட்டார்கள். பெண் பொம்மைகள் அத்தனையும் நிறை குறைந்த உடலாகவே இருந்தன. ஆண் பொம்மைகளில் நூற்றுக்கு எட்டுத்தான் அப்படி. ஆணுடைய சேர்ட்டை விற்க ஆரோக்கியமான உடம்பு போதும். பெண்ணுடைய சட்டையை விற்க நோயாளி வேண்டியிருக்கிறது.

பிளாஸ்டிக் பொம்மைக்குப் பசிக்காது. பொம்மையைப் போல இருக்க வேண்டிய தொழிலைச் செய்யும் பெண்களுக்குப் பசிக்கும். 2006 ஓகஸ்ட் மாதம் உருகுவே நாட்டில் லுயிசெல் ராமோஸ் என்ற 22 வயது மொடல், உடுப்புக் காட்சி மேடையில் நடந்த அன்றே இதயம் நின்று இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலைச் சேர்ந்த அனா கரோலினா ரெஸ்டன் இறந்தார். அவருக்கு 21 வயது. ஐந்தரை அடிக்கு மேல் உயரமான அவருடைய நிறை 40 கிலோ அளவில்தான் இருந்தது. அந்த வருடம் மட்ரிட் நகரின் உடுப்புக் காட்சியில், உடற்திணிவுச் சுட்டி 18இற்குக் குறைந்த பெண்களை மேடையேற்ற மாட்டோம் என்றார்கள். இஸ்ரேலில் 2013 முதலும் பிரான்சில் 2017 முதலும், மொடல்கள் வைத்தியச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரான்சில் இன்னொன்றும் உண்டு. விளம்பரப் படத்தில் மொடலின் உடலைக் கணினியில் மெலிய வைத்தாலோ பருக்க வைத்தாலோ, "திருத்தப்பட்ட படம்" என்று படத்திலேயே எழுத வேண்டும்.

அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எச் அண்ட் எம் என்ற சுவீடன் நாட்டு உடுப்பு நிறுவனத்தின் இணையப் படங்களில் பல பெண்கள் ஒரே மாதிரியாக, ஒரே வளைவோடு நிற்பதைச் சிலர் கவனித்தார்கள். அந்த உடல்கள் கணினியில் வரையப்பட்டவை என்றும், உண்மையான மொடல்களின் தலைகளை அவற்றின் மேல் ஒட்டியதாகவும் 2011 டிசம்பரில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. எங்கள் ஊரில் தலையை வெட்டி உடலை வைத்துக்கொள்கிறோம். அவர்கள் உடலை வெட்டித் தலையை வைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் இல்லாமல் போவது முழுசான ஒரு பெண்.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று பெற்றோர் நினைக்கக்கூடாது. உலகத்துக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று. விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற அமெரிக்க உள்ளாடை நிறுவனத்துக்கு இலங்கைத் தொழிற்சாலைகளில் எங்கள் நாட்டுப் பெண்கள் பல வருடமாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். அந்த நிறுவனம் 2014இல், மெலிந்த மொடல்கள் வரிசையாக நிற்கும் ஒரு படத்தின் மேல் "குறையில்லாத உடல்" என்று பொருள்படும் சொற்களைப் போட்டு விளம்பரம் செய்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்த மூன்று மாணவிகள் அதை எதிர்த்து ஒரு மனு எழுத, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் சத்தமில்லாமல் வாசகத்தை மாற்றி, "எல்லா உடலுக்கும் ஏற்றது" என்ற பொருளில் எழுதியது. எழுத்து மாறியதே தவிரப் படம் மாறவில்லை. அதே மெலிந்த பெண்களே நின்றார்கள். மூன்று மாணவிகளால் ஒரு பெரிய நிறுவனத்தின் எழுத்தையாவது மாற்ற முடிந்தது என்பதை நாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அளவு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மருதமுனைத் தறியில் நெய்த சாரத்துக்கு அளவு இலக்கம் கிடையாது. ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருக்கும் என் காக்காவும் தொப்பை வைத்த என் பெரியப்பாவும் ஒரே சாரத்தைத்தான் மாறி மாறி உடுக்கிறார்கள். சேலையும் அப்படித்தான். கல்யாணத்தன்று உடுத்த சேலையை நான்கு பிள்ளை பெற்ற பிறகும் உடுக்கலாம். அபாயாவுக்கும் ஆரம்பத்தில் நீளம் ஒன்றே அளவு. உயரம் என்ன என்று கேட்கும், அகலம் என்ன என்று கேட்காது. ஆயத்த ஆடைகள்தான் எங்களைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்தன.

அந்தப் பிரிவும் வானத்திலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் 1939, 1940 காலத்தில் அரசாங்கம் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிலும் 59 இடங்களில் அளந்தது. ஆயத்த ஆடைக்குப் பொது அளவு ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பது நோக்கம். கறுப்பினப் பெண்களின் அளவுகளைக் கணக்கில் எடுக்கவில்லை. தங்கள் நாட்டுப் பெண்களையே முழுதாகக் கணக்கில் எடுக்காத பட்டியலில், கல்முனைப் பெண்ணின் தோளுக்கும் இடுப்புக்கும் எங்கே இடம் இருந்திருக்கும்? அப்படிப்பட்ட பட்டியல்களின் வழியே வந்த ஆயத்தச் சட்டை எனக்குப் பிடிக்காவிட்டால், அதை எனக்காகத் தைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை.

என் உம்மா வீட்டில் தைக்கிறவ. அவவிடம் ஓர் அளவுக் கொப்பி இருக்கிறது. ஒற்றைறூள் கொப்பி, அட்டை கிழிந்து மூன்று தடவை ஒட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெண்ணின் பெயர், அதற்குக் கீழே தோள், மார்பு, இடுப்பு, கை, முழு நீளம். சிலருடைய பக்கத்தில் பத்து வருட அளவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடச் சட்டைக்கு எடுத்த அளவு, கல்யாணச் சட்டைக்கு எடுத்த அளவு, பிள்ளை பெற்ற பிறகு எடுத்த அளவு. உம்மா எந்த இலக்கத்தையும் பார்த்து முகம் சுளித்ததை நான் கண்டதில்லை. கூடினாலும் குறைந்தாலும் பழையதை வெட்டிவிட்டுப் புதியதை எழுதுவா. அவவுக்கு அது துணி வெட்டுவதற்கான கணக்கு.

இப்போது வருகிறவர்கள் அளவு கொடுக்க முன் போனை நீட்டுகிறார்கள். "இப்பிடியே தைச்சித் தாங்க." படத்தில் நிற்பவளுக்கு உயரம் ஆறடி இருக்கும். உம்மா படத்தைப் பார்த்து, கழுத்து வெட்டையும் கை மாதிரியையும் மட்டும் எழுதிக்கொண்டு, "மற்றது ஒனக்கு ஏத்த மாதிரித் தைக்கிறன் மகள்" என்பா. சில பிள்ளைகளின் முகம் அங்கேயே வாடிவிடும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெருநாள் முடிந்ததும் அவளுடைய ராத்தாவின் கல்யாணம். நோன்பு தொடங்கும்போது உம்மாவிடம் அளவு கொடுத்தாள். நோன்பின் கடைசிப் பத்தில் போட்டுப் பார்க்க வந்தபோது இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை. "பாத்தீங்களா மாமி, மெலிஞ்சிட்டன்" என்றாள் சந்தோஷமாக. அவளுடைய உம்மாவும் சிரித்தா. என் உம்மா சிரிக்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சஹருக்கு என்ன மகள் சாப்பிடுறாய்?" என்று மட்டும் கேட்டா. அவள் பதில் சொல்லவில்லை. சஹருக்கு அவள் எழும்புவதே இல்லை என்றும், நோன்பு திறந்தால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் அரைக் கோப்பை கஞ்சியும்தான் என்றும் பிறகு எனக்குச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் அவள் பக்தியாக நோன்பு பிடிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என்று படித்து வளர்ந்த பிள்ளை, இடுப்புக்காக அதை விட்டிருந்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. படங்களும் நன்றாக வந்தன. பாடசாலை தொடங்கி இரண்டாம் வாரம், காலைக் கூட்டத்தில் நின்றபடியே அவள் விழுந்தாள். நாடியில் நான்கு தையல் போட வேண்டியிருந்தது. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், இரும்புச்சத்து மிகவும் குறைந்திருக்கிறது என்றார். தலைமுடி கைக்கு வந்தது, இரண்டு மாதமாக மாதவிடாய் இல்லை, படித்தது மனதில் நிற்கவில்லை. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மெலிந்ததைப் பாராட்டியவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது தேறி வருகிறாள். அந்தச் சட்டையை மீண்டும் கொண்டு வந்தாள், இறுகுகிறது என்று. அழப்போகிற முகம். உம்மா சட்டையைப் புறத்தி, பக்கத் தையலைக் காட்டினா. இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணி உள்ளே விட்டுத் தைத்திருந்தா. "நீ மெலிஞ்சி வந்த அண்டைக்கே உள்ள விட்டுத்தான் புடிச்சன். இது திரும்பி வாற உடம்பு எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, தையலைப் பிரித்துப் பத்து நிமிடத்தில் தளர்த்திக் கொடுத்தா. வளர்கிற பிள்ளையின் உடுப்பில் துணி உள்ளே விடுவது தையற்காரர்களின் பழைய வழக்கம். கடையில் வாங்கும் மலிவுச் சட்டைகளைப் புறத்திப் பாருங்கள். ஓவர்லொக் அடித்த விளிம்போடு துணி முடிந்துவிடும். தளர்த்த இடமே இருக்காது.

"அப்படியென்றால் எவ்வளவு பருத்தாலும் பரவாயில்லையா?" என்று பெற்றோர் கேட்பது எனக்குக் கேட்கிறது. அது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத வீடு குறைவு. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, இலங்கையில் 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களில் ஏறத்தாழ 45 வீதமானோர் நிறை கூடியவர்கள். ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எச்சரித்தார்கள். இதை மறுக்க நான் இதை எழுதவில்லை.

ஆனால் வைத்தியரின் அளவு வேறு, விளம்பரத்தின் அளவு வேறு. வைத்தியர் நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து இரண்டு தடவை வகுப்பார். 155 சென்ரிமீற்றர் உயரமும் 48 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணுக்கு 20 வரும். 18.5 முதல் 23 வரை நல்ல அளவு என்பதால், அவள் நடுவில் நிற்கிறாள். பத்தொன்பது வயது வரைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வயதோடு சேர்த்துப் பார்க்கும் தனி அட்டவணையும் உண்டு. ஆக, வைத்தியரின் அளவுக்கு மேல் எல்லையும் இருக்கிறது, கீழ் எல்லையும் இருக்கிறது. விளம்பரத்தின் அளவுக்குக் கீழ் எல்லை கிடையாது. எவ்வளவு மெலிந்தாலும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் அது சொல்லும். வைத்தியர் நடக்கச் சொல்வார், மரக்கறியும் மீனும் சாப்பிடச் சொல்வார், சீனியைக் குறைக்கச் சொல்வார். பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டார். பெண் பிள்ளைகள் ஓடியாட ஒரு மைதானமும், உம்மாமார் காலையில் பயமில்லாமல் நடக்க ஒரு வீதியும் இருந்தால், ஊரின் பாதி நோய்க்கு மருந்து அதிலேயே இருக்கும். அதைப் பற்றிப் பேசாமல் பிள்ளையின் தட்டில் சோற்றைக் குறைப்பதால் என்ன பயன்?

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெலிவைக் கேட்பது விளம்பரம் மட்டுமில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். "புள்ள நல்லம், கொஞ்சம் மெலிஞ்சா நல்லா இரிக்கும்" என்று தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போகிறார்கள். உள்ளறையில் இருக்கும் பிள்ளைக்கு அது கேட்கிறது. வீடும் கொடுத்து, நகையும் கொடுத்து, இப்போது பிள்ளையின் உடம்பிலிருந்தும் சில கிலோ கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் "என்ட புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்று வாப்பா ஒரு வார்த்தை சொன்னால், அது பிள்ளைக்கு ஆயுளுக்கும் போதும்.

எங்கள் கல்லூரியில் படித்த ராத்தாமார் பலர் இன்று வீட்டிலிருந்தே அபாயாவும் சல்வாரும் விற்கிறார்கள். நல்ல உழைப்பு. அவர்களிடம் சில சிறிய வேண்டுகோள்கள். உடுப்பின் உண்மையான அளவை, மார்பு, இடுப்பு, நீளம் என்று அங்குலத்தில் எழுதிப் போடுங்கள். வெளிநாட்டுக் கடையின் படத்தை எடுத்துப் போடாமல், உங்கள் கையில் இருக்கும் உடுப்பைக் கம்பியில் தொங்கவிட்டு நீங்களே படமெடுங்கள். கிளிப் போடாதீர்கள். கடை முதலாளிகள் வாசலில் ஐந்து பொம்மை வைத்தால், அதில் ஒன்றையாவது எங்கள் உம்மாமாரின் அளவில் வையுங்கள். உங்கள் கடைக்குக் காசோடு வருவது அவர்கள்தானே.

தோழிகளே, பெருநாளுக்கு உடுப்பெடுக்கப் போகும்போது வாசலில் நிற்கும் பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டால், ஆசைப்படுங்கள். அதில் பிழையில்லை. ஆனால் உடுத்திப் பார்த்து உங்கள் உடம்பைக் குறை சொல்ல முன், கடைப் பிள்ளையிடம் அந்தப் பொம்மையை ஒரு தடவை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் எத்தனை கிளிப் இருக்கிறது என்று எண்ணுங்கள். அதன் பிறகு, அந்த உடுப்பில் உங்களுக்கு மூச்சு விட முடிகிறதா, குனிந்து தொழ முடிகிறதா, பெருநாள் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அதுதான் உங்கள் அளவு.